பதினான்கு வரியில் ஒரு கல்நெஞ்சுக்காரி

ஜெர்மனியில் எசன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, முதலாம் எலிசபெத் ராணி காலத்துக் காதல் கவிதைகளுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. பதினான்கு வரியிலும் கவிஞன் உருகுவான். அவன் காதலிக்கும் பெண் இரங்கவே மாட்டாள். அவள் தரப்பைச் சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது.

அதே முறையில் நாங்களும் ஆளுக்கொன்று எழுதி வாசிக்க வேண்டியிருந்தது. என் பக்கத்தில் இருந்தவனும் என்னைப்போல யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவன். அம்மா எனக்குக் கட்டித்தரும் புட்டில் பாதி அவனுக்குத்தான் போகும். என்னைப் பிடித்திருக்கிறது என்று அவன் வாய் திறந்து சொல்லும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

அவன் எழுந்து வாசித்தான். நீளப் பின்னலும் மூக்குத்தியும் உள்ள கல்நெஞ்சுக்காரி ஒருத்தி அவனுடைய காதலைக் காலால் எத்திவிட்டாளாம். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. எவ்வளவு உண்மையான துயரம் என்று பேராசிரியை கண்கலங்கினார்.

வெளியே வந்ததும் அவனை மறித்தேன். "நான் எப்ப உம்மை வேண்டாம் எண்டு சொன்னனான்?"

"நீர் சொல்லேல்லைத்தான்," என்று சிரித்தான். "கேட்டால் ஓம் எண்டு சொல்லியிருப்பீர். பிறகு நான் எதை எழுதுறது?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே கேட்காமல் இருந்திருக்கிறான்.

மதியம் எதுவுமே நடக்காததுபோல என் புட்டுப் பெட்டிக்குக் கை நீட்டினான்.

"ஏலாது," என்றேன்.

நான் அவனை மறுத்தது அதுதான் முதல் தடவை.