டீசல் டேங்குக்குக் கொங்காணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த டிராக்டரின் மூச்சை அடைத்தவன் நான்தான். அடைத்ததோடு நில்லாமல், மூச்சு ஏன் நிற்கிறது என்று பொழுது சாயும்வரை ஆராய்ச்சி செய்தவனும் நான்தான். திருடனே போலீஸாகி ஊரெல்லாம் தேடின கதை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சீசன் நேரம். குளிப்பதற்காக மேலகரத்தில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அருவியில் குளிக்கத்தான், அக்காள் வீட்டிலும் தண்ணீர் உண்டு. அத்தானிடம் ஒரு கிழட்டு டீசல் டிராக்டர் இருந்தது. அதன் டேங்க் மூடிமேல் சாரல் விழுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. டீசலில் தண்ணீர் கலந்தால் எஞ்சின் என்னாவது? மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை வேறு. பிளாஸ்டிக் தாளை இரண்டாக மடித்துப் போர்த்தி, சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிக் கட்டினேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் தொழி உழவு. வயலில் தண்ணீர் கட்டியாயிற்று. நாற்றும் பறித்து முடி முடியாக வரப்பில் அடுக்கியாயிற்று. அடுத்த நாள் காலையில் நடவுக்குப் பெண்கள் வருவதாகப் பேச்சு. அதற்குள் சேறு அடித்து வைக்காவிட்டால் அவர்கள் வேறு வயலில் இறங்கிவிடுவார்கள்; பறித்த நாற்று அழுகிப்போகும்.

டிராக்டர் இரண்டு சுற்று வந்தது. இருமியது. நின்றது.

மெக்கானிக், சீசன் வேன்களைப் பார்க்க ஐந்தருவிப் பக்கம் போயிருந்தார். "மெக்கானிக் எதுக்கு அத்தான்? நான் இருக்கேம்லா" என்றேன். என் தகுதி: தென்காசியில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்த்த டீக்கடையில் மூன்று வருடம் டீ குடித்திருக்கிறேன்.

"ஏர் லாக்" என்று அறிவித்தேன். தாளை அவிழ்த்து, மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசல் அளவு பார்த்தேன். பில்டர் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினேன். பிறகு மூடியைப் போட்டு, தாளை முன்னைவிட இறுக்கமாகக் கட்டினேன். டுபுடுபுவென்று பிடித்தது. இடுப்பில் கை வைத்து நின்றேன். இரண்டு சுற்று. நின்றது.

அப்படியானால் பில்டர்தான். மறுபடி குச்சி, கழுவல், தாள், டியூப். ஓடியது, நின்றது.

வண்டியை ஓட்டியது அத்தான்தான். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் நாற்றை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. நாற்றைப் பார்த்ததில் இருந்த பிரியம் என்னைப் பார்த்ததில் இல்லை.

வாழையிலை விரித்து, கழற்றிய சாமான்களைப் பரப்பினேன். அக்காள் வரப்பில் வந்து நின்றாள்.

"இலை போட்டாச்சு. எப்பம்லே பரிமாறுவ?"

"சும்மா இருக்கா. நாசில் அடைச்சிருக்கு."

"காலையில ஏருன்ன. மத்தியானம் பில்டருன்ன. இன்னும் செத்த நேரத்துல எம்மேல பழியப் போடுவ."

மாட்டி முடித்து, மறுபடி மூடியைத் திறந்து அளவு பார்த்து, வழக்கம்போல் டேங்க்கைக் கட்டினேன். மூன்றாம் முறையும் ஓடி நின்றபோது சாரல் வலுத்தது. அக்காள் சேற்றில் இறங்கி வந்தாள்.

"நான் இங்கன நனையுதேன், டேங்குக்கு எதுக்குலே கொங்காணி?" என்று தாளைப் பிடுங்கித் தன் தலையில் போர்த்திக்கொண்டாள்.

மூடியின் ஓட்டை 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உறிஞ்சியது.

அத்தான் சாவியைத் திருப்பினார். இரண்டு சுற்று வந்தது, நான்கு வந்தது, நிற்கவே இல்லை. "பாத்தியா, நாசில்தான்!" என்று கத்திக்கொண்டே, டீசலில் தண்ணீர் இறங்கிவிடுமே என்று துண்டை உருவி மூடியைப் பொத்தப் பின்னாலேயே ஓடினேன்.

"கையை எடுலே! அது மூச்சு விடட்டும்!" என்றார் அத்தான். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும். காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும்; மூடியில் இருந்த ஓட்டை அதற்குத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவு பார்க்கத் திறந்தபோதெல்லாம் உயிர் கொடுத்திருக்கிறேன். கட்டியபோதெல்லாம் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

இருட்டுவதற்குள் தொழி முடிந்துவிட்டது. காலையில் வருவதாக நடவுப் பெண்களும் சொல்லி அனுப்பினார்கள். முழங்கால் சேற்றோடு அத்தானிடம் போய், "இனிமே வண்டியில ஏதாவது கோளாறுன்னா உடனே எனக்கு ஆள் அனுப்புங்க அத்தான்" என்றேன்.

"நீ வந்தாத்தான் கோளாறே, மாப்ளே."