பழனாத்தாளின் வீட்டுச் செருப்பு

என் மாமியார் பழனாத்தாள் வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறவர். வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை எங்கள் ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க இது தெரியும். தெரிந்த பிறகும் யாராவது என்னிடம் வந்து, "ஏனம்மிணி, உங்கத்தை ஊட்டுக்குள்ளயே செருப்போட நடக்கறாங்களாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "ஆமாங்க, சமையக்கட்டுக்குள்ளயும் போடுவாங்க" என்று நான் குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பிறவியிலேயே அப்படி இல்லை. ஐம்பது வயது வரை அவர் காலில் செருப்பே ஏறியதில்லை. என் வீட்டுக்காரர் கௌசிக் மூன்றாவது படிக்கும்போது மாமனார் போய்விட்டார். "பொம்பளையாளு ஆறு ஏக்கராவை வெச்சு என்ன பண்ணுவே, குத்தகைக்கு உட்டுரு" என்று பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்களாம். வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் வெறுங்காலோடு கடலைக்காட்டில் இறங்கியவர் அத்தை. வேலிமுள்ளும் சரளைக்கல்லும் அவரை ஒன்றும் செய்யவில்லை. "முள்ளுக்குத்தான் என்னையக் கண்டாப் பயம்" என்பார். செருப்புப் போட்டு வரப்பில் நடக்கிற ஆண்பிள்ளைகளைக் கேலி வேறு செய்வார். அப்பேர்ப்பட்ட காலுக்கு வினை காட்டில் வரவில்லை, வீட்டுக்குள் வந்தது.

கொண்டுவந்தவள் நான். கூடத்தில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஒருநாள் ஊசி உடைந்தது. ஒரு பாதி மெஷினிலேயே இருந்தது, முனை கிடைக்கவில்லை. கூட்டிப் பெருக்கினேன், மறந்துபோனேன். அத்தைக்கு அப்போதே பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை. பாதம் மரத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. முனை ஏறிய காலோடு மூன்று நாள் நடந்திருக்கிறார். நான்காம் நாள் தரையில் ஈரத் தடம் கண்டு, தண்ணீர்தான் சிந்தியிருக்கிறது என்று துடைத்தேன். துடைத்த துணி நாறியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தோம். வலது காலில் சுண்டு விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீடு திரும்பிய வாரம், சுகாதார நிலையத்து மலையாள நர்ஸ் ஜிபி வந்தார். தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அத்தையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். அத்தை இரண்டு முறைதான் சொன்னார். ஜிபி நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, "அம்மே, இனி வீட்டுக்குள்ளிலும் செருப்பு இடணும் கேட்டோ. வெறும் கால் வேண்டா. இனியொரு முறிவு, புண்ணு வந்தால் கால் போகும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளக்கு வைக்கிற வீட்டில் செருப்பா! ஜிபி போன பிறகு மெல்ல, "நாலு பேரு என்ன சொல்லுவாங்க அத்தை? ஊட்டுக்குள்ள குத்தறதுக்கு என்ன இருக்குதுங்க?" என்று ஆரம்பித்தேன்.

"ஊசி எங்க கெடந்துச்சு அம்மிணி?" என்றார் அத்தை.

"ஊட்டுக்குள்ளதானுங்க."

"அப்பறம்?"

அன்றைக்கு மூடிய வாய். இன்றைக்கு அதே வாயை அத்தைக்காகத்தான் திறக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் பரீது செருப்புக்கடையில் இரண்டு ஜோடி வாங்கினோம். சர்க்கரைக்காரர்களுக்கென்றே மெத்தென்ற ரப்பரில் செய்வது, பின்னால் வாரோடு. கறுப்பு ஜோடி வெளியே போக, நீல ஜோடி வீட்டுக்குள். "நீலத்தைத் தெருவுல ஒரு அடி வெக்கப்படாது" என்று அத்தை அங்கேயே சட்டம் போட்டார். பரீதின் மனைவி சௌதா வாரின் அளவைச் சரிபார்த்துக்கொண்டே, "எங்கள்லயும் செருப்பு வெளியதாங்கா. ஆனா எங்க மாமனாரு தோல்ல ஒரு காலுறை போடுவாரு. அதைக் கழட்டாமலேதான் தொழுவாரு. சுத்தமா இருந்தாச் சரிதான்" என்றாள். அத்தைக்கு அந்தக் கடைசிச் சொல் பிடித்துப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை தோறும் நீலச் செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் காய வைப்பார். பல பேர் வாரம் ஒருமுறை தங்கள் காலைக்கூட அப்படித் தேய்த்துக் கழுவுவதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை, போனில் தேடிப் படித்தேன். ஜப்பானில் தெருச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தால் தலையில் அடித்துக்கொள்வார்களாம். ஆனால் உள்ளே போட வேறொன்று தயாராக இருக்கும். கக்கூசுக்கென்று தனி ஜோடி, பாய் விரித்த அறைக்கு மட்டும் எந்தச் செருப்பும் கூடாது. துருக்கியிலும் ரஷ்யாவிலும் விருந்தாளிக்கு வாசலிலேயே வீட்டுச் செருப்பை எடுத்து நீட்டுவார்களாம். தெருத் தூசியை வெளியே விட்டுவிட்டு வா என்பதுதான் எல்லார் பேச்சும். உன் காலையும் விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அவ்வளவு தூரம் போயித் தெரிஞ்சுட்டு வரோணுமா?" என்று கேட்டுவிட்டுக் கடலை உடைக்கப் போய்விட்டார்.

கோயிலுக்கு மட்டும் வாதாட மாட்டார். வெளிவாசலில் நின்று கும்பிட்டுத் திரும்பிவிடுவார். "அது சாமி ஊடு. சாமிக்கு என்ற காலு தெரியும்" என்பார்.

போன தையில் அவர் தம்பி ஆறுமுகசாமி புது வீடு கட்டிக் குடிபோனார். அத்தையின் அப்பா இருந்த அதே நிலத்தில், வெள்ளைப் பளிங்குத் தரை போட்ட வீடு. எங்களில் புது வீட்டில் முதல் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சுவது வீட்டுக்காரனுடைய உடன்பிறந்தவள். அது அவள் பாத்தியதை. அத்தைக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு ஆறுமுகசாமி. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ஒரு மாதமாக அதே பேச்சு. பித்தளைப் பால் சட்டியை அவரே புளி போட்டு விளக்கி முதல் நாளே கொடுத்தனுப்பியிருந்தார். நீலச் செருப்பையும் அன்றைக்கே கழுவி, மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். வெளியே போகும்போது எப்போதும் போடுகிற வெள்ளைக் காலுறை காலில் இருந்தது. அந்தக் காலை என்னையும் கௌசிக்கையும் தவிர ஒறம்பரையில் யாரும் பார்த்ததில்லை. "ரெண்டு வெரலு போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார், காட்டமாட்டார்.

பந்தலில் நூறு பேர் இருக்கும். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போயின. பசு நடுக் கூடத்தில் நின்று தாராளமாகச் சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். மாடு வெளியே வந்ததும் அத்தையைக் கூப்பிட்டார்கள். அவர் வாசற்படியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கறுப்புச் செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே வைத்தார். பையிலிருந்து நீலத்தை எடுத்து மாட்டினார்.

ஆறுமுகசாமியின் மனைவி மயிலாத்தாள் நிலைவாசலில் நின்றிருந்தார். "நங்கையா, செருப்பு" என்று நாத்தனாரை நிறுத்தினார்.

"வெளிய போடறதைக் கழட்டிட்டேன் மயிலா. இது உள்ள போடறது."

"புது ஊடுங்க நங்கையா. இன்னும் அடுப்பே பத்த வெக்கல."

"பத்த வெக்கத்தான் வந்திருக்கேன்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். மயிலாத்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய்க் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, பத்தே நிமிசம்" என்றார் ஆறுமுகசாமி. "பாலு பொங்குனதும் போட்டுக்கோ. ஒறம்பரையெல்லாம் பாக்கறாங்க."

"ஊசி ஏற அரை நிமிசம் ஆகலடா தம்பி."

"பளிங்குத் தரைக்கா! கண்ணாடியாட்டத் தொடச்சு வெச்சிருக்குது. இதுல என்ன கெடக்கப்போகுது?"

அதே பேச்சு. நான் பேசிய அதே பேச்சு. ஆசாரிகள் முந்தின நாள் சாயங்காலம்தான் வேலையை முடித்துப் போயிருந்தார்கள். வந்ததும் வராததுமாக வாசற்படி ஓரத்தில் கிடந்த இரண்டு திருகாணிகளைப் பொறுக்கி என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மயிலாத்தாள் முந்திக்கொண்டார்.

"நேரம் போகுதுங்க. நங்கையாளுக்கு முடியலீன்னா என்ற தங்கச்சி இருக்கறா. அவ காய்ச்சட்டும்."

ஆறுமுகசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை கண் ஒரு நொடி கலங்கியதைப் பார்த்தேன். ஆறு ஏக்கரையும் கேட்டு வந்த பங்காளிகள் முன்னால் கலங்காத கண். கழற்றிவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

"மாடு உள்ள போச்சே, அதுக்கு நாலு காலையும் கழுவி உட்டீங்களா?" என்றார் அத்தை.

"அது மகாலட்சுமிங்க நங்கையா!"

"செரி. சாணி போட்ட மகாலட்சுமி உள்ள. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தவ வெளிய. என்றப்பன் மண்ணுல." பிறகு தம்பியைப் பார்த்தார். "கழட்டோணும், அவ்வளவுதான? கழட்டறேன். வந்து பாரு."

வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் வைத்தார். செருப்பைக் கழற்றினார். காலுறையை உருவினார். பந்தல் முழுக்கப் பார்க்கும்படி காலைத் திருப்பிக் காட்டினார். மூன்று விரல். விரல் இருந்த இடத்திலிருந்து பாதி பாதம் வரை உழவு சாலாட்டம் தழும்பு. யாரோ ஒரு பெண் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது காட்டுல போகல. பாம்பு கடிச்சுப் போகல. தொடச்சு வெச்ச ஊட்டுக்குள்ள போச்சு" என்றார் அத்தை. "மிச்சத்தையும் உன்ற பளிங்குக்குக் குடுக்கோணுமா? கேளு தம்பி, குடுக்கறேன். ஆனா உன்ற வாயால கேளு."

ஆறுமுகசாமி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட காலைத்தான் பார்த்திருக்கிறார், இதைப் பார்த்ததில்லை. பட்டு வேட்டியோடு படியில் அப்படியே உட்கார்ந்தார். காலுறையை எடுத்து அந்த மூன்று விரல் நோகாமல் மாட்டினார். செருப்பை எடுத்து மாட்டி, பின் வாரை இழுத்துப் போட்டார். ஊருக்குப் பெரிய மனுஷன், ஒருவர் செருப்பைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல்முறையாக இருக்கும். எழுந்ததும் பழக்க தோஷத்தில் கையைக் கழுவக் குழாய்ப் பக்கம் திரும்பினார்.

"நில்றா" என்றார் அத்தை. "கையைப் பாரு. தூசி இருந்தாக் கழுவு."

அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு குழாய்க்குப் போகாமல் உள்ளே போய்ப் பால் சட்டியை அந்தக் கையாலேயே எடுத்து வந்து, "வாக்கா" என்று நீட்டினார்.

அத்தை சட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தார். அழுதுகொண்டுதான் போனார், ஆனால் நிமிர்ந்து போனார். பளிங்கில் அவர் செருப்புச் சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. மயிலாத்தாள் நிலைவாசலை விட்டு நகர்ந்து நின்றிருந்தார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு திருகாணிகளையும் அவர் கையில் வைத்தேன்.

"உங்க வாசப்படியில கெடந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குவதைப் பார்க்க உள்ளே போனேன்.