குறட்டை விடும் பெண் பிள்ளைகள்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை போகாது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். பெண் பிள்ளை குறட்டை விடுவது வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்பதுதான் என் அம்மாவின் பெருங்கவலை. அதனால் நான் குறட்டை விடும்போதெல்லாம் தொடையில் கிள்ளி எழுப்புவாள். மூச்சுத் திணறி நானாக எழுந்தது பாதி, அவள் கிள்ளி எழுந்தது மீதி.

பள்ளிக்கூடத்தில் தலை தானாகத் தொங்கும். டீச்சர் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார். நின்றுகொண்டே தூங்குவேன். இவளுக்குப் படிப்பு மண்டையில் ஏறாது என்று எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். நானும் அதை நம்பினேன்.

முப்பத்து நாலு வயதில் எனக்குப் பிரசர் மாத்திரை கொடுத்த டாக்டர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு சின்ன வயதிலேயே இருந்திருக்கலாம் என்றார். கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் பிரசர், இருதயம் என்று தொந்தரவு வரக்கூடுமாம். பிள்ளைகள் யாராவது குறட்டை விடுகிறார்களா என்று கேட்டார். என் ஆறு வயது மகள் விடுகிறாள். கூட்டிவரச் சொன்னார்.

மகள் படுப்பது என் அம்மாவின் பக்கத்தில். அதனால் அம்மாவையும் அழைத்துப் போனேன். கதவோரப் பெஞ்சில் காத்திருந்தவர்களில் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். டாக்டர் அம்மாவிடம் கேட்டார்.

"புள்ள கொறட்டை விடுறாளாம்மா?"

அம்மா கதவோரம் ஒருமுறை பார்த்தாள். "அதெல்லாம் இல்லீங்க டாக்டர். சத்தமே இல்லாமத் தூங்கும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். 'இல்லை' என்று எழுதிவிட்டால் சளி மருந்தோடு எங்களை அனுப்பிவிடுவார். பிறகு என் மகளும் இன்னொரு நானாக வளர்வாள்.

"பொய் சொல்றாங்க டாக்டர்!" என்று கத்தினேன். "கொறட்டை விடுறா. நடுவுல மூச்சு நின்னுருது. நானும் இப்பிடித்தான் கெடந்தேன்."

பெஞ்சில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. திரும்பட்டும். டாக்டர் பிள்ளையின் தொண்டையை டோர்ச் அடித்துப் பார்த்தார். டொன்சில் பெருத்து மூச்சு வழியை அடைத்திருக்கிறது என்று சொல்லி, நுவரெலியாவில் பெரிய டாக்டரிடம் காட்டக் கடிதம் எழுதினார். அதை வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

எங்கள் ஊர் நோர்வூட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் வாயைத் திறந்தாள்.

"ஊரு கேக்கக் கத்திட்டியே. இனி இவள எவன்டி கட்டுவான்?"

"மொதல்ல இவ மூச்சு விடட்டும்" என்றேன்.

பாவம், அந்தக் காலத்தில் அம்மாவுக்கு என்ன தெரியும் என்று என் புருஷன் சமாதானம் சொல்கிறார். தெரியாமல் செய்ததை என்றைக்கோ மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகும் கல்யாணத்தைப் பற்றித்தான் அவள் கேட்டாள். அன்றைக்கே மகளின் பாயைச் சுருட்டி என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டேன்.