பன்றிகள் கேட்ட ஆல்பம்

போன வாரம் பெருநகர் பக்கம் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் தினேஷ். சாயங்கால நேரம். ஒரு வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து யாரோ தொண்டை கிழிய உறுமுகிற சத்தம்.

தினேஷ் என் தோளைப் பிடித்தான். "அண்ணா, வண்டிய நிறுத்துங்க... அது நாந்தாண்ணா!"

தினேஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூரில் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவன். ஹெவி மெட்டலைக் கிண்டலடிக்க நண்பர்களோடு ஒரு பேண்ட் வைத்திருக்கிறான். பெயர், 'துருப்பிடிச்ச தகரம்'. ஒரிஜினல் ஆட்கள் சாவு, சாத்தான் என்று அலறுவார்கள் இல்லையா? இவர்கள் அதே அலறலை ரேஷன் கடை மெஷினுக்கு அலறுவார்கள். 'ரேகை விழல... ரேகை விழலஅஅ...' — உலகமே அழிகிற மாதிரி! நிற்காமல் போகிற டவுன் பஸ்ஸுக்கும் ஒரு பாட்டு உண்டு.

ஆல்பத்தை நெட்டில் போட்டார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மற்றவர்கள்? அவன் அம்மாவே "தொண்டைக்கு இன்னாடா ஆச்சி?" என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாராம்.

ஊரில் வேறு ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிதாரை விற்றுவிட்டு பேண்டைக் கலைத்துவிடப் போகிறேன் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். அப்போதுதான் இந்தக் கொல்லை.

இறங்கிப் போனோம். காட்டுப்பன்றி வராமலிருக்கச் சுற்றிலும் பழைய புடவை கட்டியிருந்தது. நடுவே குச்சியில் ஒரு ஸ்பீக்கர். பக்கத்தில், குத்தகைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்திருக்கும் முனியம்மா.

"இது யார் பாட்டுக்கா?" என்றேன்.

"எவனோ கத்திக்கினு கீறான்... நல்லா இருக்கட்டும். பொடவைக்கு பயப்படாத பன்னிங்கோ, இவன் கத்தனதும் ஓடிச்சிங்கோ. மருமவ போன்ல தேடிப் புட்சா."

தினேஷ் முகம் தொங்கிப்போனது. பாவம், ராப்பகலாக உழைத்தவன்! "அது காமெடிப் பாட்டுக்கா. நாந்தான் பாடனேன். கேட்டா சிரிக்கணும்."

முனியம்மா சிரிக்கவில்லை. சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா நைனா? பன்னிங்களுக்கு இது பழகிப்போச்சி. இப்பல்லாம் ஸ்பீக்கராண்டயே நின்னுக்கினு துன்னுதுங்கோ. பாதி மல்லாட்ட பூட்ச்சி. புடுங்கறதுக்கு இன்னும் நாளு கீது... வேற ஒண்ணு பாடிக் குடேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் வரப்பைப் பார்த்தேன். பிறகு அவன் அங்கேயே உட்கார்ந்து, போனில் ரெக்கார்டரைத் தட்டி உறும ஆரம்பித்துவிட்டான். கிதாரை விற்கிற பேச்சு திரும்பி வரும்போது எழவே இல்லை.

நானும் பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்... 'அடுத்தது எப்போ?' என்று என் கையைப் பிடித்து இதுவரை யாரும் கேட்டதில்லை!