ஊசி மெஷினும் லைட் மெஷினும்

போன மாதம் பூச்சோங்கில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். உதவிக்கு இருந்த பெண் பேனா மாதிரி ஒரு கருவியை என் வாய்க்குள் விட்டு அப்படியும் இப்படியும் ஆட்டினாள். எதிர்த் திரையில் என் கடைவாய்ப்பல் பலாச்சுளை நிறத்தில் சுழன்றது.

"ஓரமெல்லாம் சரியா எடுத்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"மெஷின் தப்பே பண்ணாது ஆன்டி, கவலப்படாதீங்க."

நல்ல பெண்தான். ஆனால் அந்த வாக்கியம் எனக்கு ஆகாது. இத்தனை வருஷம் கழித்தும் அதைக் கேட்டால் காது சூடாகிவிடுகிறது. ஏனென்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் லேப்பில் வேலை பார்த்தேன். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அந்த மாதிரியின் மேல் பல் செய்கிற இடம். மாடியில் நாங்கள், கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினோரு மணிக்கு மீன்குழம்பு வாசம் மேலே ஏறி, எங்கள் அக்ரிலிக் திரவத்தின் நெடியோடு கலக்கும். அந்த நெடி நகப்பாலிஷ் மாதிரி இருக்கும். இன்றைக்கும் யாராவது நகப்பாலிஷ் திறந்தால் எனக்குப் பசிக்கிறது. சிரிக்காதீர்கள்.

எதிர் மேசையில் மேரி. கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். தன் வேலையை யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

பீங்கான் பல்லுக்கு உள்ளே மெல்லிய தொப்பி ஒன்று இருக்கும், தெரியுமா? மருத்துவர் செதுக்கிவிட்ட பல்லின் மேல் அதுதான் முதலில் உட்காரும். பீங்கான் அதன் மேல்தான். தொப்பியின் ஓரம் இடைவெளி இல்லாமல் பொருந்தவில்லை என்றால் மேலே எவ்வளவு அழகாகப் பல் கட்டினாலும் ஒருநாள் கழன்றுவிடும். அந்தத் தொப்பியைக் கம்ப்யூட்டரில் வரைய மெஷின் வருகிறது என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நானோ, மவுஸை முதல்முதலில் பார்த்தபோது எடுத்துத் திரைமேல் தேய்த்தவள்.

முதலாளி ராஜநாயகம் இரண்டு கம்பெனிக்காரர்களிடம் சோதனைக்கு ஆளுக்கொரு மெஷின் வாங்கி வைத்தார். "நீங்க ரெண்டு பேரும்தான் வேல செய்யப் போறீங்க. பார்த்து சொல்லுங்க" என்றார். எங்களைக் கேட்கிறாரே என்று பூரித்துப் போனோம்.

ஒன்றில், சுழலும் பிளாஸ்டர் பல்லை மெல்லிய ஊசி தொட்டுத் தொட்டு அளக்கும். அதற்கு ஊசி மெஷின் என்று பேர் வைத்தோம். இன்னொன்று வெளிச்சத்தைப் பாய்ச்சிப் படம் எடுக்கும். அது லைட் மெஷின். ஊசி மெஷின் ஆமை. திரையில் வெறும் கோடுகள்தான் வரும். லைட் மெஷின் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டுப் பல்லை வண்ணத்தில் சுழற்றிக் காட்டும். இரண்டிலுமே படம் டெலிபோன் கம்பி வழியாக வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போய், தொப்பி பார்சலில் வரும்.

ஒரே பிளாஸ்டர் பல்லை இரண்டுக்கும் கொடுத்தோம். ஊசி மெஷின் தொப்பி கச்சிதமாக உட்கார்ந்தது. லைட் மெஷின் தொப்பியின் ஓரத்தைத் தடவினால் இடைவெளியில் நகம் மாட்டியது. காரணத்தையும் மேரி பிடித்துவிட்டாள். பல்லின் ஓரம் எங்கே பள்ளமாக இறங்குகிறதோ, அங்கே அந்த சாஃப்ட்வேர் நாம் வரையும் ஓரக்கோட்டைத் தானாகவே மேலே இழுத்து நேராக்கிவிடும். நாம் கீழே இறக்கி வைத்தாலும் சேமிக்கும்போது பழையபடி ஏறிக்கொள்ளும். முதலாளியைக் கூப்பிட்டுத் திரையில் செய்தே காட்டினோம். "ம்ம்" என்றார்.

அடுத்த வாரம் லைட் மெஷினை வாங்கினார். வாசலிலேயே கண்ணாடி அறை கட்டி அதில் வைத்தார். வருகிற மருத்துவர்களுக்கெல்லாம் பல் சுழல்வதைக் காட்டுவார். பிறகு எங்களை எதற்குக் கேட்டார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், ஒரு மனிதர் மாடியேறி வந்தார். எங்கள் லேப்புக்கு நோயாளிகள் வருவதே இல்லை. கையில் படச்சுருள் டப்பா. திறந்தால் உள்ளே நாங்கள் செய்து அனுப்பிய பீங்கான் பல். பெயர் ஆரோக்கியம், சுங்கை வேயில் ஃபேக்டரி வேலை, விடுமுறை நாளில் பேண்டு செட்டில் டிரம்பெட். கிள்ளானில் ஒரு சாவு ஊர்வலத்தில் ஊதிக்கொண்டிருந்தபோது முன்பல் கழன்று விழுந்துவிட்டது.

"செத்த வீட்டுப் பிள்ளைங்களே சிரிச்சிட்டாங்க. டாக்டர கேட்டா லேப்ப கேளுன்றாரு. யார கேட்கட்டும் நானு?"

முதலாளி அறையிலிருந்து வந்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மேரியைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு செஞ்சதுதான். நான் கண்டிச்சு வைக்கிறேன்."

மேரி எழுந்து நின்றாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாஸ், இது நாங்க வேணாம்னு சொன்ன மெஷின்லா! உங்க கண்ணு முன்னாடிதானே காட்டுனோம்?"

"மெஷின் தப்பு பண்ணாது. ஆளுதான் தப்பு பண்ணும்."

இதைச் சொன்னபோது அவர் குரல்கூட உயரவில்லை. மேரி அவரைப் பார்க்காமல் ஆரோக்கியத்திடம் பேசினாள். "அண்ணே, கிள்ளான்ல ஒரு லேப்ல ஊசி வச்சு அளக்கிற வேற மெஷின் இருக்கு. அதுல செஞ்சா நிக்கும்."

"எங்க கேஸ அடுத்தவன் லேப்புக்கா? முடியாது" என்றார் முதலாளி.

ஆரோக்கியம் மேசையைப் பார்த்தார். மேரி தேடி எடுத்து வைத்திருந்த அவருடைய பிளாஸ்டர் மாதிரி அங்கே இருந்தது. "இது என் பல்லு தானேம்மா?" என்றார்.

"ஆமாண்ணே."

எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "யாரு தப்புன்னு நீங்க பேசிக்குங்க பாஸ். எனக்கு ஊதணும்." மேரி ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவரோடு படியிறங்கிப் போனாள். நான் அடுத்த வாரம் நோட்டீஸ் கொடுத்தேன்.

கிள்ளானில் மேரிக்கு வேலையும் கிடைத்தது, ஆரோக்கியத்துக்குப் பல்லும் நின்றது. அந்த வருஷம் மாதா கோயில் தேர் பவனியில் அவர் ஊதுவதை நானே கேட்டேன். உதட்டைக் குவித்து, கன்னம் புடைக்க, எங்கள் பக்கம் திரும்பி இன்னும் பலமாக ஊதினார். மேரி அழுதுகொண்டே சிரித்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் சமாதானமாகியிருப்பேன். ஒரு வருஷம் கழித்து ராஜநாயகம் சத்தமில்லாமல் லைட் மெஷினை அனுப்பிவிட்டு ஊசி மெஷினை வாங்கினார். பல் தொழில்காரர்கள் கூடிய ஒரு விருந்தில், மேரியும் நானும் அதே மேசையில் உட்கார்ந்திருக்க, பக்கத்திலிருந்த மருத்துவரிடம் சொல்கிறார்: "ரெண்டையும் வச்சு மாசக்கணக்கா கம்பேர் பண்ணிப் பார்த்துத்தான் இத எடுத்தேன்." மேரி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கடை வரிசையை இடித்துப் பெரிய கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அடியில் கார் நிறுத்துமிடம். ராஜநாயகமும் போய்ச் சேர்ந்துவிட்டார். மேரிக்கு வரவேண்டிய ஒரு 'ஸாரி'யைச் சொல்ல இப்போது அங்கே ஆளும் இல்லை, போய்க் கேட்க ஒரு வாசலும் இல்லை.