தலையணையில் இருந்த ரத்தம்

மத்திகிரியில் மாட்டுப் பண்ணை வேலை. வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். பண்ணையில் ஒருமுறை வலிப்பு வந்து விழுந்தபோது, கிருஷ்ணகிரி டாக்டர், "இன்னொரு தடவை வந்தா தினமும் மாத்திரை சாப்பிடணும்" என்றார். பிறகு வரவில்லை என்றே நினைத்திருந்தேன். சில காலைகளில் நாக்கு வலிக்கும். தலையணையில் ரத்தம் இருக்கும். தூக்கத்தில் பல் பட்டிருக்கும் என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் காலை பாலை அடுப்பில் வைத்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஸ்டவ் அருகே தரையில் கிடந்தேன். பால் பொங்கி வழிந்து ஸ்டவ் அணைந்து, கேஸ் நாற்றம் அடித்தது. நல்லவேளை, ஜன்னல் திறந்திருந்தது.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டர், "அந்த ரத்தமும் வலிப்புதாம்ப்பா. கூட ஆளிருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க" என்றார்.

இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. கதவைத் தாழிடுவதுமில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா தினமும் காலையில், "எழுந்துட்டியாப்பா?" என்று குரல் கொடுப்பார். "எழுந்துட்டேம்மா" என்பேன். விடுமுறை நாட்களில் நான் பேசுவது அது ஒன்றுதான்.