மூணு நாள் ஏழை

போன வருஷம் ஆவணி மாசம், திருவாதவூர் பக்கத்துல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்துச்சு. அதுக்கு நானும் போனேன். போயிருக்கக் கூடாது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் அரசாங்க ஆபீஸ்ல முப்பத்து மூணு வருஷம் குப்பை கொட்டிட்டு ரிட்டையர் ஆனவன். மதுரை பழங்காநத்தத்துல சொந்த வீடு, மாசம் பிறந்தா பென்ஷன். ஒரே பையன். ஆனையூர்ல பெண்டாட்டி பிள்ளையோட இருக்கான். பார்க்கிறவங்க எல்லாரும் தங்கமான பையன்னு சொல்லுவாங்க. நான் மட்டும் அதை வாயைத் திறந்து சொன்னதில்லை. எங்க தலைமுறைக்கு அது வராது.

எனக்கு ஒரு குணம். அடுத்தவங்களுக்குன்னா தாராளமா எடுத்துக் குடுப்பேன். எனக்குன்னு வந்தா கை மடங்கிக்கும். செருப்பு வார் அறுந்தா தைச்சுத் தைச்சுப் போட்டு, தைக்கிறவரே "சார், இதுல ஊசி எறங்க எடமில்ல"ன்னு சொன்னப்புறம்தான் புதுசு வாங்குவேன். பேத்தி பிளஸ் டூ படிச்சுக்கிட்டு இருந்தா. அவ காலேஜுக்குன்னு பென்ஷன்ல பாதியை ஒதுக்கிக்கிட்டு வந்தேன். அவளும் கேக்கல, அவ அப்பனும் கேக்கல. நானா இழுத்துப் போட்டுக்கிட்ட வேலை.

இந்த லட்சணத்துல வலது கண்ணு மங்கிப் போச்சு. எதிர்ல வர்றது மினி பஸ்ஸா தண்ணி லாரியான்னு பக்கத்துல வந்தாத்தான் தெரியும். டாக்டர்கிட்ட பையன்தான் கூட்டிட்டுப் போனான். புரை முத்திருச்சு, ஆபரேஷன் பண்ணிரணும்னாங்க. ஜவுளிக்கடையில சேலை விரிக்கிற மாதிரி லென்ஸ்ல இத்தனை ரகம்னு ஒரு அட்டையைக் காட்டினாங்க. பையன் யோசிக்கவே இல்ல. "நல்ல லென்ஸே வச்சிருவோம்ப்பா, நான் பாத்துக்கிறேன்"னான். அந்தக் காசுல பேத்தியோட ஒரு செமஸ்டரே ஓடிருமே! தீபாவளி போகட்டும்னு சொல்லித் தட்டிக் கழிச்சேன். அவனும் ரெண்டு மூணு தடவை கேட்டுப் பார்த்துட்டு விட்டுட்டான்.

அப்பத்தான் என் மச்சினன் போன்ல முகாம் விஷயத்தைச் சொன்னான். அவன் இருக்கிறது திருவாதவூர்ல. ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு, பஸ் எல்லாமே இலவசம். "நமக்கெதுக்கு மாமா அது, இல்லாதப்பட்டவுகளுக்குல்ல நடத்துறாக"ன்னு அவனே சொன்னான். "ஒன் வேலையைப் பாருடா மாப்ள, ஒன் அக்காகிட்ட மூச்சு விடாத"ன்னு அவன் வாயை அடைச்சேன். வீட்டுல, மச்சினன் வயக்காட்டுக்கு மோட்டார் எறக்குறான், மூணு நாள் கூடமாட இருந்துட்டு வாரேன்னு ஒரு பொய். வாட்சைக் கழட்டி வச்சேன். மோதிரத்தைக் கழட்டினேன். இருக்கிறதுலயே பழைய வேட்டியாப் பாத்துக் கட்டிக்கிட்டேன். யாரும் என்னை அப்படி வரச் சொல்லல. யார்னு கேக்கவும் இல்ல. மச்சினன் விலாசத்தைச் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. வலது புருவத்துக்கு மேல ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுல ஏத்தி விட்டாங்க.

பஸ்ஸுல என்னோட சேத்து இருபது பேரு. எல்லாரும் காடு கரையில பாடுபட்ட ஜனம். என் பக்கத்துல ஒரு அம்மா வந்து உக்காந்தாங்க. என் வயசுதான் இருக்கும். நாத்து நடப் போயே காலம் போச்சாம், இப்ப நூறு நாள் வேலைக்குப் போறாங்களாம், நாலு ஆடு இருக்காம். கேக்காமலே எல்லாத்தையும் சொன்னாங்க. மடியில ஒரு மஞ்சப்பை. அதுல மடிப்புக் கலையாத புதுச் சேலை ஒண்ணு. "கட்டு அவுத்ததும் கட்டிக்கிறதுக்கு. புதுக் கண்ணுல பழசையா பாக்குறது?"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. மருமக, இப்ப எதுக்கு இந்த வீண் செலவுன்னு கேட்டாளாம். "நான் பாடுபட்ட காசுல எனக்கு ஒரு சேலை எடுக்கக் கூடாதாடீ"ன்னு கேட்டுட்டு வந்துட்டாங்களாம்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"ஒனக்கு எத்தன மக்கண்ணே?"

"ஒரே பையன்."

"என்ன செய்றான்?"

"மதுரையில வேலை பாக்குறான்."

"வேலை பாக்குறானா? அப்புறம் எதுக்குண்ணே நீ இதுல வர்ற? பாக்க மாட்டானா?"

இந்த இடத்துல நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் பாக்குறேன்னுதான் சொன்னான், நான்தான் கஞ்சப் பயன்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னா, காசிருந்தும் இங்க வந்திருக்கியேன்னு கேப்பாங்களே. அதனால நான் "ப்ச்"னு ஒரு உச்சுக் கொட்டி, கையை விரிச்சேன். அவ்வளவுதான் செஞ்சேன். மிச்சத்தை எல்லாம் அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க.

பஸ் ஒத்தக்கடை தாண்டுறதுக்குள்ள, பெத்த மகன் கைவிட்ட ஆளுன்னு என் கதை பஸ் பூரா பரவிருச்சு. ஆஸ்பத்திரியில எங்களை நல்லாத்தான் கவனிச்சுக்கிட்டாங்க. தரையில பாய், சுத்தமான எடம், வேளைக்குச் சாப்பாடு. மறுநாளே ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ஆனா என் கூட வந்தவங்க கவனிச்சாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. ஒருத்தர் பன்னைப் பிச்சுக் குடுத்தாரு. இன்னொருத்தர் ராத்திரி தன் போர்வையை எனக்குப் போத்தி விட்டாரு. அந்தம்மா வராந்தாவுல டீக்காரர் வர்றப்பல்லாம் இடுப்புச் சுருக்குப்பையை அவுத்து, "எங்கண்ணனுக்கும் ஒண்ணு குடுப்பா"ன்னாங்க. பென்ஷன் வாங்குற நான் அதை வாங்கிக் குடிச்சேன். வேணாம்னு சொன்னா எங்க குட்டு உடைஞ்சிருமோன்னு பயம். வெக்கங்கெட்ட பொழப்பு.

மூணாம் நாள் காலையில சொட்டு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, எல்லாரையும் வராந்தாவுல உக்கார வச்சிருந்தாங்க. ஊருக்குத் திரும்புற பஸ்ஸுக்காகக் காத்திருக்கோம். அப்பத்தான் படியேறி ஓடி வந்தான் என் பையன். ஆபீஸ் ஷூ, கழுத்துல அடையாள அட்டை, சட்டையெல்லாம் வேர்வை. என் வீட்டுக்காரி தம்பிக்குப் போன் பண்ணியிருக்கா. அந்த மடப்பய என்ன நெனப்புல இருந்தானோ, "மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுக்கா"ன்னு எடுத்த எடுப்புலயே ஒளறியிருக்கான்.

"அப்பா!"ன்னு வந்து என் முன்னாடி குத்தவச்சு உக்காந்தான்.

அந்தம்மா புதுச் சேலையில பக்கத்துலதான் இருந்தாங்க. "நீதான் மகனா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னான். பிடிச்சாங்க பாருங்க!

"ஏன்யா, காலுக்குச் செருப்பு எம்புட்டுப் பளபளன்னு போட்டிருக்க. பெத்தவன் தரையில பாயில கெடக்குறான், மூணு நாளா வந்து எட்டிப் பாத்தியா? ஒரு வா டீக்கு வழியில்லாம அடுத்தவுக வாங்கிக் குடுத்துக் குடிக்கிறாரு. நீயெல்லாம் ஒரு மகனா?"

பக்கத்துல இருந்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. வளத்து ஆளாக்கினவரு, படிக்க வச்சவருன்னு ஆளாளுக்கு ஒண்ணு. பையன் ஒண்ணும் புரியாம முழிச்சான். அப்புறம் என் மொகத்தைப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடிக்குள்ள நான் எங்க பாக்குறேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. இத்தனை பேரு முன்னாடி நான் பொய்யன்னு சொல்லணுமேன்னு நெனச்சதும் உள்ள போயிருச்சு.

அவன் எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டான்னுதான் நெனைக்கிறேன். எந்திரிச்சு நின்னு அந்தம்மாவைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தப்புதான்ம்மா. இனிமே நல்லா பாத்துக்கிறேன்."

பைக்கை அங்கேயே விட்டுட்டு ஆட்டோ பிடிச்சான். பழங்காநத்தம் வர்ற வரைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், மருந்து எத்தனை வேளை விடச் சொன்னாங்கன்னு. அவன் திட்டியிருந்தா எனக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். அந்தக் கணக்கை வீட்டுல என் வீட்டுக்காரி தீத்து வச்சா, அது வேற விஷயம்.

ஒரு வாரம் கழிச்சு வந்தப்ப அவனாத்தான் பேச்செடுத்தான். "அந்தம்மா சொன்னதுல ஒரு நியாயம் இருக்குப்பா. நீங்க தீபாவளி தீபாவளின்னு சொல்றப்பவே ஒங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும், நான் விட்டது தப்பு"ன்னான். நான் செஞ்ச கூத்துக்கு அவன் தன்மேல குத்தம் எடுத்துக்கிறான். எனக்கு அழுகை வந்துருச்சு. கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரி ஞாபகப்படுத்தினா.

தை மாசம் இடது கண்ணுலயும் புரை விழுந்திருக்குன்னு அவனே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனான். அட்டையில எந்த ரகத்தைக் காட்டினானோ, அதுக்குச் சரின்னு தலையாட்டினேன்.

பங்குனியில மச்சினனோட வண்டியில அந்தம்மா ஊருக்குப் போனேன். ரோட்டோரம் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆளைப் பாத்து அவங்களுக்கு அடையாளம் தெரியல, என் குரலைக் கேட்டதும் "எங்கண்ணனா!"ன்னாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பென்ஷன், வீடு, பையன் நல்ல லென்ஸ் வைக்கிறேன்னு சொன்னது, நான் உச்சுக் கொட்டினது, எல்லாத்தையும். அவங்க மொகம் மாறிருச்சு.

"நான் அம்புட்டுப் பேச்சுப் பேசினேனே, அந்தப் பய ஏண்ணே வாயே தொறக்கல?"

"நாலு பேரு முன்னாடி என் மானம் போயிரும்னுதான்."

அப்புறம் கேட்டாங்க: "இப்படி ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டா நீ தர்மாஸ்பத்திரி பஸ்ஸுல வந்து ஏறுன?"

அந்தம்மாவுக்கு உண்மையைச் சொல்லிட்டேன், சரி. அன்னைக்கு வராந்தாவுல இருந்த மத்தப் பதினெட்டுப் பேரும் எந்தெந்த ஊர்க்காரங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அவங்களைப் பொறுத்தவரைக்கும் என் பையன் இன்னைக்கும் அப்பனைக் கைவிட்டவன்தான். பேத்திக்குச் சேத்து வைக்கிறேன்னு கிளம்பி, நான் அவ அப்பனுக்குச் சேத்து வச்சது அந்தப் பேரைத்தான்.